அவர் போட்ட 5 ஸ்டாருக்கு என்ன அர்த்தம்? பட ரேட்டிங்கிலிருந்து ரசனையைக் கண்டுபிடிப்பது எப்படி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், இரண்டாவது ஆட்டம் விட்டு வரும் இரண்டு பேரை நிறுத்திக் கேளுங்கள்: "இன்னாண்ணா, படம் எப்டி கீது?" ஒருவர் "சும்மா அள்ளுதுப்பா" என்பார். இன்னொருவர் உதட்டைப் பிதுக்கி "பரவால்ல" என்பார். யாருக்குப் படம் அதிகம் பிடித்திருக்கிறது?

அந்த இரண்டு பேரோடும் பழகியவருக்குத்தான் பதில் தெரியும். முதல் ஆள் எந்தப் படத்துக்குப் போனாலும் "அள்ளுது" என்றுதான் சொல்வார். இரண்டாம் ஆள் வாயிலிருந்து "பரவால்ல" வந்துவிட்டால், அடுத்த காட்சிக்கே டிக்கெட் எடுக்கலாம். மற்றப் படங்களுக்கெல்லாம் அவர் பதிலே சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போகிறவர்.

டீக்கடையில் எல்லோருக்கும் புரிகிற இந்தச் சங்கதி, செல்போனில் ஸ்டாராக மாறியதும் மறந்துபோகிறது. "அவன் எல்லாத்துக்கும் 5 போட்டிருக்கான், சினிமாப் பைத்தியம்." "அந்த அக்காவுக்கு எதுவுமே பிடிக்காது." வட சென்னைக்காரர்களுக்கு இலவச இணைப்பாக இன்னொன்றும் உண்டு: "காசிமேட்டு ஆளுன்னா அடிதடிப் படம்தான் பாப்பான்." மூன்றுமே தப்பாக இருக்கலாம். எப்படித் தப்பு என்பதைச் சின்னக் கூட்டல் கழித்தலிலேயே காட்டிவிடலாம்.

ஆளுக்கு ஆள் அளவுகோல் வேறு

மூன்று பேர், ஐந்து படங்கள். படங்கள் வரிசையாக: குத்துச்சண்டைப் படம், பேய்ப்படம், குடும்பப் படம், காமெடிப் படம், துப்பறியும் படம். 5 ஸ்டாருக்கு அவர்கள் போட்டது இது:

காசிமேட்டு அண்ணன்: 5, 4, 4, 5, 4
ராயபுரத்து அக்கா: 3, 2, 2, 3, 2
தண்டையார்பேட்டைத் தம்பி: 3, 5, 4, 3, 5

அண்ணனின் ரசனைக்கு யாருடைய ரசனை நெருக்கம்? வெறும் எண்களைப் பார்த்தால் தம்பிதான். படத்துக்குப் படம் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் 2+1+0+2+1, மொத்தம் 6. அக்காவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் 2 ஸ்டார் இடைவெளி, மொத்தம் 10. "அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று சொல்லத் தோன்றும்.

இப்போது ஒவ்வொருவரின் சராசரியையும் எடுங்கள். அண்ணனுக்கு 4.4, அக்காவுக்கு 2.4, தம்பிக்கு 4. அவரவர் போட்ட ஸ்டாரிலிருந்து அவரவர் சராசரியைக் கழியுங்கள்.

அண்ணன்: +0.6, −0.4, −0.4, +0.6, −0.4
அக்கா: +0.6, −0.4, −0.4, +0.6, −0.4
தம்பி: −1, +1, 0, −1, +1

அண்ணனும் அக்காவும் அச்சு அசலாக ஒன்று. தம்பி நேர் எதிர்த் திசையில் போகிறார். அக்காவுக்கு எதுவும் பிடிக்காமல் இல்லை. அவர் கை சிக்கனம், அவ்வளவுதான். ஒருவர் பொதுவாகவே தாராளமாகவோ கஞ்சத்தனமாகவோ ஸ்டார் போடும் இந்தப் பழக்கத்தை 'சாய்வு' என்று அழைப்போம்.

ஆக முதல் வேலை, ஒருவர் போட்ட ஸ்டாரை அவருடைய சொந்த வழக்கத்தோடு ஒப்பிடுவது. ரசனை அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

படத்துக்கும் சாய்வு உண்டு

ஆள் பக்கத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் படத்துக்கு ஒருவர் 5 போடுகிறார். அதிலிருந்து அவரைப் பற்றி என்ன தெரிந்தது? ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. ஊரே கழுவி ஊற்றிய படத்துக்கு அதே ஆள் 5 போட்டால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

கணக்கில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் எல்லாப் படத்துக்கும் போட்ட ஸ்டார்களின் மொத்தச் சராசரி 3.6 என்று வைத்துக்கொள்வோம். நம் ஆள் பொதுவாக மற்றவர்களைவிட 0.8 கூடப் போடுகிறவர். படம் அ, சராசரியைவிட 0.5 குறைவாக வாங்கியது. படம் ஆ, 0.6 கூடுதலாக வாங்கியது.

படம் அ-வுக்கு அவர் போடக்கூடியது: 3.6 + 0.8 − 0.5 = 3.9.
படம் ஆ-வுக்கு: 3.6 + 0.8 + 0.6 = 5.

ரசனையைப் பற்றி எதுவுமே தெரியாமல், ஆளின் கையையும் படத்தின் பேரையும் மட்டும் வைத்துச் சொல்லும் இந்த எண்தான் 'அடிப்படைக் கணிப்பு'. அவர் இரண்டு படத்துக்கும் 5 போட்டிருந்தால், படம் ஆ-வில் மிச்சம் பூஜ்ஜியம். படம் அ-வில் மிச்சம் 1.1. உண்மையில் போட்ட ஸ்டாரிலிருந்து அடிப்படைக் கணிப்பைக் கழித்தபின் நிற்கும் இந்த 'மிச்சம்'தான் நமக்கு வேண்டிய சரக்கு. அவருடைய இரண்டு 5-களில் ஒன்று வெறும் சத்தம், இன்னொன்று துப்பு.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நல்ல படம் என்று நாலு பேர் சொன்னால்தான் தியேட்டர் பக்கமே போவேன் என்பவரின் சராசரி இயல்பாகவே உயர்ந்திருக்கும். அவரைத் தாராளக் கை என்று சொல்லக் கூடாது. அவர் பார்த்த படங்கள் அப்படி. அதனால் படத்தின் சாய்வை முதலில் கழித்துவிட்டு, அதன்பிறகு ஆளின் சாய்வைக் கணக்கிட வேண்டும்.

இரண்டு படத்தை வைத்து ஜாதகம் எழுதக் கூடாது

காசிமேட்டில் புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு ஞாயிறு தொடர்ந்து வஞ்சிரம் வாங்கினார். மீன்கார அம்மா மூன்றாவது ஞாயிறு அவருக்காக ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்து ஒதுக்கிவைப்பாரா? மாட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கலாம். சங்கரா அன்று நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம். பத்து வாரம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பார்.

ரேட்டிங்கிலும் அதே நிதானம் வேண்டும். அதற்கு எளிய வழி: மிச்சங்களின் கூட்டுத்தொகையைப் படங்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்காமல், எண்ணிக்கையோடு 10 சேர்த்து வகுப்பது. இரண்டு படத்துக்குத் தலா 1.4 கூடுதல் என்றால் 2.8-ஐ 12-ஆல் வகுக்க, 0.23 மட்டுமே வரும். ஐம்பது படத்திலும் அதே 1.4 நீடித்தால் 70-ஐ 60-ஆல் வகுக்க, 1.17. ஆதாரம் குறைவாக இருக்கும்போது முடிவைப் பூஜ்ஜியத்தின் பக்கம் இழுத்துப் பிடிக்கும் இந்த வேலைக்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர். 10 என்பது வேதவாக்கு இல்லை. தரவைப் பார்த்து 5, 25 என்று மாற்றிப் போடுவார்கள்.

ஒத்த ரசனைக்காரர்களைத் தேடுவது

அடுத்த படி, எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணனும் அக்காவும் ஒத்துப்போகிறார்கள் என்றால், அக்கா பார்த்துப் பிடித்த, அண்ணன் பார்க்காத படத்தை அண்ணனுக்குச் சொல்லலாம். படத்தின் கதை, நடிகர், பாட்டு எதையும் பார்க்காமல், மனிதர்களின் ரேட்டிங் ஒற்றுமையை மட்டும் வைத்துப் பரிந்துரைப்பதைக் 'கூட்டு வடிகட்டல்' என்கிறார்கள்.

சொல்லும்போது சுலபம். ஆட்களை ஒரு பக்கமும் படங்களை மறுபக்கமும் எழுதிக் கட்டம் போட்டு நிரப்பப்போனால், கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் ஒரு போட்டி அறிவித்தது. தன்னுடைய கணிப்பு முறையைவிடப் பிழையை 10 சதவீதம் குறைத்துக்காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர். அதற்காக வெளியிட்ட தரவில் 4,80,189 பேர், 17,770 படங்கள். எல்லோரும் எல்லாம் பார்த்திருந்தால் ஏறத்தாழ 853 கோடி கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பியவை 10 கோடியே சொச்சம். நூற்றுக்கு 1.2 கட்டம்தான். மீதி 98-க்கு மேல் வெறுமை.

இப்படிப்பட்ட பட்டியலில் யாரோ இரண்டு பேரை எடுத்தால், இருவரும் பார்த்த படம் பல நேரம் கொஞ்சம்தான் தேறும். அதுவும் பெரும்பாலும் ஊரே பார்த்த படமாக இருக்கும். அதில் ஒத்துப்போவது ரசனைப் பொருத்தத்துக்குச் சாட்சி ஆகாது.

அத்தோ தட்டும் மறை காரணிகளும்

அதனால் வேறு வழி தேவைப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள பர்மா பஜார் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோட்டுக்குப் போவோம். அத்தோ என்ற பர்மா பலகாரத்தைப் போடுகிறவர் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார். நூறு தட்டுகள், நூறு பேர். யார் எந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டார், யார் பாதியில் வைத்தார் என்ற கணக்கு மட்டும் நம்மிடம் இருக்கிறது. எந்தத் தட்டில் என்ன எவ்வளவு விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

இதை வைத்தே தட்டின் ருசியையும் ஆளின் நாக்கையும் ஒரே நேரத்தில் ஊகிக்க முடியுமா? முடியும். இந்த ஆறு தட்டுகளை ஒரே கூட்டம் வழித்துச் சாப்பிடுகிறது, அதே கூட்டம் அந்த நாலு தட்டுகளை ஒதுக்குகிறது என்றால், அந்த ஆறிலும் பொதுவாக ஏதோ ஒன்று தூக்கலாக இருக்கிறது. அது புளிப்பா பூண்டா என்று தெரியாமலேயே அதற்கு ஓர் எண் கொடுத்துவிடலாம்.

படத்துக்கும் இதேதான். ஒவ்வொரு படத்துக்கும் சில எண்கள். ஒவ்வொரு ஆளுக்கும் அதே எண்ணிக்கையில் சில எண்கள். இரண்டையும் ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் மிச்சத்தின் கணிப்பு வரும். இந்த எண்கள் குறிக்கும், யாரும் பெயர் வைக்காத அந்தக் குணங்கள்தான் 'மறை காரணி'கள்.

படம் அ-வின் எண்கள் 0.9, −0.3. நம் ஆளின் எண்கள் 0.8, 0.5. முதல் ஜோடி: 0.9 × 0.8 = 0.72. இரண்டாம் ஜோடி: −0.3 × 0.5 = −0.15. கூட்டினால் 0.57. அடிப்படைக் கணிப்பு 3.9-ஓடு சேர்த்தால் 4.47. அவர் உண்மையில் போட்டது 5, பிழை 0.53.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சின்ன எண்களைப் போடுகிறார்கள். ஒரு ரேட்டிங்கை எடுத்துக் கணிக்கிறார்கள், பிழையைப் பார்க்கிறார்கள், பிழை குறையும் திசையில் ஆளின் எண்ணையும் படத்தின் எண்ணையும் துளி அளவு நகர்த்துகிறார்கள். அடுத்த ரேட்டிங். இப்படியே கோடிக்கணக்கான தடவை. ரொம்பவும் நகர்த்திவிட்டால் பழைய ரேட்டிங்குகளை மனப்பாடம் செய்துவிட்டுப் புதுப் படத்தில் கோட்டைவிடும். ஆகவே இங்கேயும் எண்களைப் பூஜ்ஜியத்தின் பக்கம் இழுத்துப் பிடிக்கிறார்கள். போட்டி தொடங்கிய சில மாதங்களில், சைமன் ஃபங்க் என்ற பெயரில் எழுதிய ஒருவர் இந்த வழியைத் தன் நிரலோடு பகிரங்கமாக எழுதிப்போட்டார். பரிசுக்கான போட்டியில் இருந்துகொண்டே! அதன்பிறகு களமே மாறிவிட்டது.

காரணிகளை எடுத்துப் பார்த்தால் சில நேரம் புரியும்: ஒரு முனையில் கும்மாளப் படங்கள், மறுமுனையில் கனத்த படங்கள். பல நேரம் எந்தப் பெயரிலும் அடங்காது. "ஆக்ஷன் பிடிக்கும், ரொமான்ஸ் பிடிக்காது" என்று நாம் போடும் பெட்டிகளுக்குள் மனித ரசனை உட்கார மறுக்கிறது. காசிமேட்டு அண்ணனுக்குப் பிடித்தது அடிதடியாக இல்லாமல், தோற்றவன் கடைசியில் எழுந்து நிற்பதாக இருக்கலாம். குத்துச்சண்டைப் படத்திலும் அது உண்டு, காமெடியிலும் உண்டு.

சுருக்கிச் சொன்னால்: மொத்தச் சராசரி, படத்தின் சாய்வு, ஆளின் சாய்வு, இவற்றின் மேல் மறை காரணிகளின் பெருக்கல். பல ஆண்டுகள் பரிந்துரைகளின் எலும்புக்கூடு இதுவாகத்தான் இருந்தது.

எவ்வளவு துல்லியம்?

பிழையை அளக்க ஆர்எம்எஸ்இ என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பிழையையும் அதனாலேயே பெருக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. பெரிய பிழைக்குப் பெரிய தண்டனை.

படத்தின் சராசரியை மட்டும் அப்படியே கணிப்பாகச் சொன்னால் அந்தத் தரவில் பிழை 1.0540. நெட்ஃபிளிக்ஸ் அப்போது வைத்திருந்த முறைக்கு 0.9525. மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டி, 2009இல் பரிசு வென்ற குழுவின் பிழை 0.8567. இன்னொரு குழுவும் அதே 0.8567-ஐத் தொட்டது. ஆனால் 20 நிமிடம் தாமதமாகச் சமர்ப்பித்ததால் 10 லட்சம் டாலர் போனது.

எவ்வளவோ பேர் மூளையைக் கசக்கியும் பிழை முக்கால் ஸ்டாருக்கு மேலேயே நின்றது. மனிதன் ஆடிக்கொண்டே இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அதே ஆளிடம் அதே படத்துக்கு சில மாதம் கழித்து ஸ்டார் கேட்டால் அடிக்கடி மாற்றிப் போடுகிறார். அவரே அவரை ஒழுங்காகக் கணிக்க முடியாதபோது கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கெல்லாம் ஏமாறுவோம்

முதல் பொறி, ஒரே கணக்கில் ஒரு குடும்பம். ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு செல்போன். பகலில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள், மாலையில் தாத்தா கறுப்பு வெள்ளைப் படம், ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன். கணக்கீடு இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக எண்ணி, நடுவில் ஒரு ரசனையைக் கண்டுபிடிக்கும். அந்த வீட்டில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆளுக்கொரு ப்ரொஃபைல் போடுவதுதான் மருந்து. தாத்தா அதைச் செய்வாரா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, ரசிகர் ஓட்டு. முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலாபிஷேகம் செய்தவர் போடும் 5 தலைவருக்கான 5. எதிர்முகாம் படம் பார்க்காமலேயே போடும் 1-ம் அதே ரகம். ஒரு படத்தின் ஸ்டார்கள் 5-லும் 1-லும் மட்டும் குவிந்து 2, 3, 4 காலியாக இருந்தால், அது படத்தைப் பற்றிய தகவல் இல்லை, தேர்தல் முடிவு. ஒருவரின் ரசனையைப் படிக்கும்போது அவருடைய தலைவர் படங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மூன்றாவது, நினைவுக்குப் போடும் ஸ்டார். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடிவிட்டது. சின்ன வயதில் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக விசிலடித்துப் பார்த்த படத்துக்கு இன்று ஒருவர் செல்போனில் 5 போட்டால், அதில் பாதி அந்த விசிலுக்கு. பார்த்த வாரத்தில் போட்டதும் இருபது வருடம் கழித்துப் போட்டதும் ஒரே எடையில் வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, காலிக் கட்டம். பேய்ப்படத்துக்கு அக்கா ஸ்டாரே போடவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று பொருள் இல்லை. 0 என்று நிரப்பினால் கணக்கே நாறிவிடும். ஆனாலும் அந்தக் காலி இடம் ஊமை அல்ல. மனிதர்கள் பிடிக்கும் என்று நினைப்பதைத்தான் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் போட்டியிலேயே, யார் எந்தப் படத்துக்கு ஸ்டார் போட்டார் என்பதை மட்டும், எத்தனை ஸ்டார் என்பதை விட்டுவிட்டுச் சேர்த்தபோதும் கணிப்பு மேம்பட்டது.

சொல்வதும் செய்வதும் வேறாக இருப்பதும் உண்டு. கனமான ஆவணப்படத்துக்கு மரியாதையாக 5 போட்டுவிட்டு, ராத்திரி மூன்றாவது தடவையாக ஒரு மொக்கைக் காமெடியை ஓடவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாரைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலை வைத்ததற்குப் பின்னால் இந்தக் கூத்தும் ஒரு காரணம். அப்போது அதோடு வந்த 'இத்தனை சதவீதப் பொருத்தம்' என்பதும் படத்தின் தரத்துக்கான மார்க் இல்லை. உங்களுக்குப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்ற ஊகம். உங்கள் 95, பக்கத்து வீட்டில் 60 ஆக இருந்திருக்கலாம்.

இன்னொரு சங்கதி, கொஞ்சம் கலவரமானது. நெட்ஃபிளிக்ஸ் போட்டித் தரவில் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆனால் ஒருவர் 8 படங்களுக்குப் போட்ட ரேட்டிங் தெரிந்து, அதில் 2 தப்பாக இருந்து, தேதியும் 14 நாள் முன்பின் இருந்தால்கூட, 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008இல் காட்டினார்கள். பட ரசனை கைரேகை மாதிரி. தனியுரிமைச் சிக்கலால், நெட்ஃபிளிக்ஸ் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி 2010இல் கைவிடப்பட்டது.

நோட்டுப் புத்தகத்திலேயே செய்து பார்க்க

நண்பர் ஒருவர் ரேட்டிங் போட்ட 30 படங்களை எடுங்கள். அதில் 6-ஐக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, அவற்றின் ஸ்டாரைப் பார்க்காமல் மடித்து வையுங்கள்.

மீதி 24-க்கும் பொதுமக்கள் போட்ட சராசரியை எழுதுங்கள். அது 10-க்கு இருந்தால் பாதியாக்குங்கள். நண்பரின் ஸ்டாரிலிருந்து அதைக் கழியுங்கள். வந்த 24 எண்களின் கூட்டுத்தொகையை 34-ஆல் வகுத்தால் அவருடைய சாய்வு. (24-ஓடு அந்த 10, மீன்கார அம்மாவை மறக்க வேண்டாம்.) அந்தச் சாய்வை 24 எண்களிலிருந்தும் கழித்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள்.

மேலே உள்ள ஐந்தையும் கீழே உள்ள ஐந்தையும் மட்டும் பாருங்கள். வகையைத் தேடாதீர்கள். முடிவு எப்படி இருக்கிறது, இடைவேளைக்கு முன் கதை நகர்கிறதா, பேச்சு அதிகமா, ஒளிப்பதிவாளர் ஒருவரே திரும்பத் திரும்ப வருகிறாரா, படம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்று தேடுங்கள். தோன்றுவதை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள்.

இப்போது மடித்து வைத்த 6 படங்களுக்கும் இரண்டு கணிப்பு சொல்லுங்கள். ஒன்று, பொதுச் சராசரியோடு அவருடைய சாய்வைக் கூட்டிய வெறும் கணிப்பு. இன்னொன்று, நீங்கள் எழுதிய இரண்டு மூன்று வரியை வைத்து அதை ஏற்றி இறக்கிய கணிப்பு. பிறகு காகிதத்தைப் பிரித்து இரண்டின் பிழையையும் கூட்டிப் பாருங்கள். இரண்டாவதன் பிழை குறைவாக இல்லாவிட்டால், எழுதிய வரிகளை அடித்துவிட்டு நண்பரிடம் இன்னும் 30 படம் கேட்டு வாங்குங்கள்.